காசு வர்ற வழிதான் கேம் போற வழி



ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்த ஹாஸ்டலுக்குள் போனாலும் மூன்று விதமான ஆட்களைப் பார்க்கலாம். நாலு பேர் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பி.ஜி.எம்.ஐ.-யில் "டேய், ரிவைவ் பண்ணுடா" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இன்னொருத்தர் ஸ்டீம் சேலில் வாங்கிய கேமை லேப்டாப் கொதிக்கக் கொதிக்க விளையாடிக்கொண்டிருப்பார். மூன்றாவது ஆள் கேண்டி க்ரஷ்ஷில் உயிர் எல்லாம் தீர்ந்துபோய், அரை மணி நேரம் கழித்து வரலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

மூன்றுமே கேம்தான். ஆனா முதல் கேம் ஏன் சீசன் சீசனா ஓடுது? இரண்டாவது ஏன் ஒரு நாள் முடிஞ்சு போகுது? மூன்றாவது ஏன் நம்மைக் காத்திருக்க வைக்குது? "டிசைனர் அப்படி யோசிச்சிருப்பார்" என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி, அந்த கேமுக்குக் காசு எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. நாணயம் போட்டு ஆடின காலத்திலிருந்து இன்றைய பேட்டில் பாஸ் வரைக்கும், விற்கும் முறை மாறும்போதெல்லாம் கேமின் உடம்பே மாறியிருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

நாணயம் போடு, சீக்கிரம் சாவு

1972. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடை. அடாரி என்ற புதுக் கம்பெனி தன்னுடைய 'பாங்' கேம் பெட்டியைச் சோதனைக்காக அங்கே கொண்டுபோய் வைத்தது. இரண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான் கேம். கொஞ்ச நாளில் "பெட்டி ரிப்பேர்" என்று கடையிலிருந்து போன் வந்தது. அதை உருவாக்கிய ஆலன் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லை. உள்ளே நாணயம் நிரம்பி வழிந்ததில் பெட்டி வேலை செய்யவில்லை!

இந்த ஆர்கேட் பெட்டிகளின் கணக்கு ரொம்ப எளிமையானது. ஒரு நாணயம், ஒரு ஆட்டம். ஒரே ஆள் ஒரு நாணயத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் இரண்டு நிமிஷத்தில் தோற்க வேண்டும், ஆனால் "ச்சே, இன்னும் கொஞ்சம் இருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்றும் தோன்ற வேண்டும். போகப் போகக் கஷ்டமாகிக்கொண்டே போவது, மூன்று உயிர், ஸ்கோர் பட்டியலில் பேர் போடுவது எல்லாம் இந்தக் கணக்குக்குப் பொருத்தமாக வளர்ந்த வழக்கங்கள்.

பல ஆர்கேட் கேம்களுக்கு முடிவே கிடையாது. 1980-ல் வந்த பேக்-மேனை எடுத்துக்குங்க. லெவல் போய்க்கொண்டே இருக்கும். லெவல் எண்ணை வைத்துக்கொள்ள ஒரே ஒரு பைட்தான். ஒரு பைட்டில் 255-க்கு மேல் போக முடியாது என்று நமக்குத் தெரியும். 256-வது லெவலில், கீழே பழங்களை வரையும் கோடில் அந்த எண் வழிந்து பூஜ்யமாகிவிடும். சில பழங்களை வரைய வேண்டிய லூப் 256 தடவை சுற்றும். திரையின் வலது பாதி முழுக்கக் குப்பையாக எழுத்தும் எண்ணும் கொட்டும். யாரும் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதின கோடு அது. அடுத்த தடவை லேபில் ஓவர்ஃப்ளோ பற்றிக் கேட்டால் இந்த உதாரணத்தைச் சொல்லுங்க.

ஒரு ஏலியன், ஒரு ஃப்ரேம்

கேம் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையும் இந்தக் காலத்துக் கேமை வைத்தே புரிஞ்சுக்கலாம்.

எந்த கேமாக இருந்தாலும் அதன் நடுவில் ஒரு லூப் இருக்கும். முதலில் ஆட்டக்காரர் எந்தப் பட்டனை அழுத்தினார் என்று பார். பிறகு உலகத்தை ஒரு சின்ன அடி நகர்த்து. பிறகு படத்தை வரை. மறுபடியும் முதலிலிருந்து. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் இந்த மூன்று வேலையும் 16.67 மில்லிசெகண்டில் முடிய வேண்டும். எனிமியின் மூளை, தோட்டா எங்கே படுகிறது என்ற கணக்கு, சத்தம், வெளிச்சம் எல்லாமே அந்த 16.67-க்குள் அடங்கணும். அடங்கவில்லை என்றால்தான் நாம் "லேக் அடிக்குது" என்று திட்டுகிறோம். (நெட் ஸ்லோவாக இருந்தாலும் அதே வார்த்தையில்தான் திட்டுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்.)

1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனிக்காக டோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். மொத்தம் 55 ஏலியன்கள். அன்றைய 8080 ப்ராசஸரால் 55-ஐயும் ஒரே ஃப்ரேமில் நகர்த்தி வரைய முடியாது. அதனால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ஏலியன் மட்டும் நகரும். படை மொத்தமும் ஒரு அடி நகர 55 ஃப்ரேம், அதாவது கிட்டத்தட்ட ஒரு நொடி. நீங்கள் பாதியைச் சுட்டு வீழ்த்தினால் அதே சுற்று அரை நொடியில் முடியும். கடைசி ஒன்று மிஞ்சும்போது அது ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகரும். அதாவது எதிரி குறையக் குறைய வேகம் தானாகவே ஏறும். ஹார்டுவேரின் பலவீனம் அது. நிஷிகாடோ அதைச் சரி செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். ஏனென்றால் முடிவு நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும் கேம் கிடைத்தது. நாணயப் பெட்டிக்கும் அதுதானே வேணும்!

இன்று யூனிட்டி, அன்ரியல், கோடோ போன்ற எஞ்சின்கள் இந்த லூப்பை நமக்காக எழுதி வைத்திருக்கின்றன. போன ஃப்ரேமிலிருந்து இந்த ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எஞ்சின் ஒரு எண் கொடுக்கும். அதற்குப் பேர் டெல்டா டைம். வேகத்தை அதனால் பெருக்கினால்தான் பழைய போனிலும் புது போனிலும் கார் ஒரே வேகத்தில் ஓடும். முதல் தடவை கேம் எழுதும் பலர் இதை மறந்துவிட்டு, நண்பனின் கேமிங் லேப்டாப்பில் ஹீரோ ராக்கெட் மாதிரி பறப்பதைப் பார்த்து முழிப்பார்கள்.

டப்பாவில் வந்த கேம்

அடுத்து கேம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. 1977-ல் வந்த அடாரி 2600-க்கு ரேம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். இந்தப் பத்தியின் எழுத்துகளைக்கூட அதில் வைக்க முடியாது. கேம் கார்ட்ரிட்ஜ் என்ற சின்ன டப்பாவில் தனியாக விற்கப்பட்டது.

இங்கே காசு வரும் வழி தலைகீழாக மாறியதைக் கவனிங்க. ஆர்கேடில் பிடித்திருந்தால்தான் இரண்டாவது நாணயம். கார்ட்ரிட்ஜில் முழுக் காசையும் முதலிலேயே கொடுத்துவிடுகிறோம், விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே. அப்போ விற்பது கேம் இல்லை, டப்பா மேலே இருக்கும் படமும் பேரும்தான்.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1982 சாட்சி. ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படம் பெரிய ஹிட். அதை கேமாக்கும் உரிமையை அடாரி பெரும் தொகை கொடுத்து வாங்கியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைக்கு வந்தாக வேண்டும். ஹோவர்டு ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். நம்ம மினி ப்ராஜெக்டுக்கே அதைவிட அதிக நேரம் கொடுக்கிறாங்க! வார்ஷா சொன்ன தேதிக்கு முடித்தும் கொடுத்தார். கேம் குழிக்குள் விழுவதும் ஏறுவதுமாக ஆட்டக்காரர்களைக் கடுப்பேற்றியது. விற்காத சரக்கு மலையாகக் குவிந்தது. நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அடாரி தன் சரக்கைப் புதைத்தது. பல வருஷம் கட்டுக்கதை என்று பேசப்பட்ட இந்த விஷயம், 2014-ல் அந்த இடத்தைத் தோண்டியபோது உண்மை என்று தெரிந்தது.

ஈ.டி. ஒன்றால் மட்டும் கம்பெனி விழவில்லை. யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் செய்து கடையில் தள்ளலாம் என்ற நிலை. எது நல்லது, எது குப்பை என்று வாங்குபவருக்குத் தெரியாது. இரண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாவது தடவை வாங்க மாட்டார். 1983-ல் அமெரிக்க வீட்டு கேம் சந்தை அப்படியே சரிந்தது.

அந்த இடிபாட்டில் கடை விரித்தது நின்டெண்டோ. 1985-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பெட்டியில் ஒரு பூட்டு சிப் வைத்தார்கள். கார்ட்ரிட்ஜில் அதற்கு ஜோடியான சிப் இல்லையென்றால் கேம் ஓடாது. வெளிக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஐந்து கேமுக்கு மேல் வெளியிடக் கூடாது. கார்ட்ரிட்ஜையும் நின்டெண்டோவிடம்தான் ஆர்டர் கொடுத்து வாங்கணும். தரம் ஏறியது, உண்மைதான். ஆனால் கேம் செய்தவருக்கும் விளையாடுபவருக்கும் நடுவில் ஒரு வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அன்றுதான். அந்த நாற்காலியில் இன்று ஆப் ஸ்டோரும் ப்ளே ஸ்டோரும் உட்கார்ந்திருக்கின்றன.

வீட்டில் வைத்து ஆடும் கேம் என்பதால், சீக்கிரம் சாக வைக்க வேண்டிய அவசியமும் குறைந்தது. கொடுத்த காசுக்கு நிறைய இடம் காட்ட வேண்டும். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 32 லெவலும் சேர்த்து 40 கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம் அதைவிடப் பெரிசு. எப்படி அடக்கினார்கள்? அதில் வரும் மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்க. இரண்டும் ஒரே படம்தான். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை.

கடையே கம்ப்யூட்டருக்குள் வந்தது

1993 டிசம்பரில் 'டூம்' வந்தது. முதல் எபிசோடு இலவசம். நண்பர்களுக்கு எடுத்துக் கொடுங்க, எங்கே வேண்டுமானாலும் போடுங்க என்றார்கள். மீதி வேண்டுமென்றால் காசு. இந்த ஷேர்வேர் முறையில் முதல் எபிசோடுதான் விளம்பரம். அதனால் அது சொத்தையாக இருக்கவே முடியாது. ஈ.டி. டப்பாவுக்கு நேர் எதிர்.

2003-ல் வால்வ் கம்பெனி ஸ்டீமைத் தொடங்கியது. டப்பா, லாரி, கடை வாடகை எதுவும் வேண்டாம். விலையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. (ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25, 5 கோடியைத் தாண்டினால் 20 என்று 2018-ல் குறைத்தார்கள். அதாவது பெரிய ஆட்களுக்குத்தான் தள்ளுபடி.) 500 ரூபாய் கேம் ஒன்றை நீங்க சேலில் 100 ரூபாய்க்கு வாங்கினால், செய்தவர் பக்கம் போவது 70. அதிலும் வரி, எஞ்சின் கட்டணம், பப்ளிஷர் இருந்தால் அவர் பங்கு எல்லாம் போகணும்.

இந்த விற்பனை முறை கேமை இரண்டு விதத்தில் மாற்றியது.

ஒன்று, வெளியிட்ட பிறகும் திருத்தலாம். கார்ட்ரிட்ஜில் பிழை இருந்தால் அது காலத்துக்கும் பிழைதான். இப்போ ஒரு பேட்ச் போதும். அது வரம், சாபம் இரண்டும். 2016-ல் 'நோ மேன்ஸ் ஸ்கை' சொன்னதில் பலதும் இல்லாமல் வந்து திட்டு வாங்கியது. ஆனால் அந்தச் சின்ன டீம் வருஷக்கணக்கில் இலவச அப்டேட் கொடுத்துப் பேரை மீட்டது. 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' பழைய பிளேஸ்டேஷனில் ஓடவே திணறியது. சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கி, ஆறு மாசம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தது. "முதல்ல ரிலீஸ் பண்ணு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற தைரியம் பேட்சால் வந்தது.

இரண்டு, தனி ஆளும் கடை போடலாம். எரிக் பரோன் கோடு, படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து, நாலரை வருஷம் உழைத்து 2016-ல் 'ஸ்டார்ட்யூ வேலி'யை வெளியிட்டார். அது இன்றுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஆனா இதைப் படிச்சிட்டு நாளைக்கே காலேஜை விட்டுடாதீங்க! அவர் மாதிரி வருஷக்கணக்கில் உழைத்து, யார் கண்ணிலும் படாமல் போன கேம்கள் அதே ஸ்டீமில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

சின்ன விதி ஒன்றுகூட கேமை எப்படி வளைக்கும் என்று பாருங்க. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். நமக்கு நல்ல விதி. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற அழகான கதை கேம் ஒன்றைச் செய்தவரின் நிலைமையை யோசிங்க. முழுசா முடிச்சிட்டு ரீஃபண்ட் வாங்கவும் வழி இருக்கு.

"ஃப்ரீ"ன்னா ஃப்ரீ இல்ல

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2009 அக்டோபரில் ஆப்பிள், இலவச ஆப்களுக்கு உள்ளேயும் பொருள் விற்கலாம் என்று அனுமதித்தது. அதிலிருந்து மொபைல் கேமின் தலையெழுத்தே மாறியது.

இலவச கேமில் பெரும்பாலானோர் ஒரு பைசாகூடக் கட்ட மாட்டார்கள். சின்ன ஒரு கூட்டம் கட்டும். அதற்குள்ளும் இன்னும் சின்ன ஒரு கூட்டம் அள்ளிக் கொடுக்கும். அப்போ டிசைனர் முன்னால் இரண்டு கேள்வி நிற்கும். கட்டாதவர்களை எப்படி ஓடிப் போகாமல் வைப்பது? கட்டுகிறவர்களை எப்படித் திரும்பத் திரும்பக் கட்ட வைப்பது?

முதல் வழி, தடையை உண்டாக்கி, தடையை நீக்குவதை விற்பது. கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிர். ஒன்று திரும்ப வர 30 நிமிஷம். ஆர்கேடில் தோற்றால் அடுத்த நாணயம். இங்கே தோற்றால் காத்திரு, நண்பரிடம் கேள், இல்லை காசு கட்டு. பழைய நாணயப் பெட்டிதான், சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு.

இரண்டாவது வழி, ரூபாயை மறக்க வைப்பது. பி.ஜி.எம்.ஐ.-யில் யூ.சி., இன்னொன்றில் டைமண்ட், வேறொன்றில் ஜெம். கேமுக்குள் ஒரு பொருளின் விலையை ரூபாயில் போட்டால் "மெஸ்ல நாலு டோசை" என்று மனசு கணக்குப் போடும். டைமண்டில் போட்டால் போடாது. விற்கும் பேக் அளவும் பொருளின் விலையும் பல கேம்களில் பொருந்தவே பொருந்தாது. எப்பவும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் அடுத்த ரீசார்ஜுக்கு அழைப்பு.

மூன்றாவது வழி, பேட்டில் பாஸ். காசு கட்டியாச்சு, ஆனால் பொருள் கைக்கு வர தினமும் ஆடணும். சீசன் முடிந்தால் போச்சு. விளையாட்டு அட்டென்டன்ஸ் ஆகிவிடும். 75 சதவீதம் வைக்க இங்கேயும் ஓடுகிறோம்!

நாலாவது, அதிர்ஷ்டப் பெட்டி. லூட் பாக்ஸ், கச்சா, ஸ்பின், பேர் எதுவானாலும் ஒன்றுதான். இதில் நம்ம படித்த ப்ராபபிலிட்டி நேரடியாக வரும். ஒரு ஸ்கின் கிடைக்க 1 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். "நூறு தடவை சுத்தினா கண்டிப்பா வந்துடும்" என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நூறு தடவையும் வராமல் போக வாய்ப்பு 0.99-ஐ 100 தடவை பெருக்கினால் கிடைப்பது, சுமார் 0.37. அதாவது நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை சுற்றினால், 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்.

இன்னொரு வகை, ஆறு அட்டையும் சேர்த்தால்தான் பரிசு. ஆறுக்கும் சம வாய்ப்பு என்றாலும் சராசரியாக 14.7 தடவை வாங்கணும். முதல் அட்டைக்கு ஒரு தடவை போதும், கடைசி அட்டைக்கு மட்டும் சராசரியாக ஆறு தடவை. "இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்ற இடத்தில்தான் பர்ஸ் காலியாகும். ஜப்பானில் 'கம்ப்ளீட் கச்சா' என்ற பேரில் இருந்த இந்த முறை சட்டத்துக்கு எதிரானது என்று 2012-ல் அந்நாட்டு நுகர்வோர் துறை சொன்னது. 2018-ல் பெல்ஜியம், காசு கட்டி வாங்கும் லூட் பாக்ஸ் சூதாட்டம்தான் என்றது. 2022-ல் அமெரிக்காவின் எஃப்.டி.சி., 'ஃபோர்ட்நைட்' செய்த எபிக் கேம்ஸ் மேல் நடவடிக்கை எடுத்தது. குழப்பமான பட்டன் அமைப்பால் தெரியாமலேயே காசு போனவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 24.5 கோடி டாலர் கட்ட எபிக் ஒப்புக்கொண்டது. ஒரு பட்டனை எங்கே வைப்பது என்பது யூ.ஐ. டிசைன் மட்டும் இல்லை என்பதற்கு இதுவே உதாரணம்.

சரி, காசே கட்டாமல் ஆடுகிற நாம் தப்பிச்சோமா? ஒரு ஸ்கின்னுக்கு மதிப்பு எப்போது வரும்? நாலு பேர் பார்க்கும்போது. லாபியில் ஆள் இருந்தால்தான் மேட்ச் உடனே கிடைக்கும். காசு கட்டினவர் புது ட்ரெஸ் போட்டு நடந்து காட்ட ஒரு ஊர் வேண்டும். அந்த ஊர் மக்கள்தான் நாம். கட்டணம் இல்லாமல் உள்ளே விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா இலவச கேமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியின் பலத்தை விற்காமல் வெறும் உடையை மட்டும் விற்கும் கேமில், காசில்லாதவரும் திறமையால் ஜெயிக்கலாம். விலை உயர்ந்த கன்சோல் வாங்க முடியாத நம்ம ஊர்ப் பசங்க எத்தனையோ பேர் கேம் உலகத்துக்குள் வந்ததே இந்த இலவச வாசல் வழியாகத்தான். வாசல் எங்கே கொண்டுபோகிறது என்று தெரிந்து நுழைவோம், அவ்வளவுதான்.

சுவிட்ச் யார் கையில்?

கார்ட்ரிட்ஜ் காலத்து கேம் பரணில் கிடந்தாலும் எடுத்து ஆடலாம். சர்வரில் ஓடும் கேம் அப்படி இல்லை.

இது நமக்கே நடந்தது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ம் தேதியோடு இந்தியாவில் சர்வர் நின்றது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பேரில் திரும்ப வந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வழி கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் மறுபடி வந்தது. தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். காசு கொடுத்து வாங்கிய பொருள் இருக்குமா போகுமா என்பதில் வாங்கியவருக்கு ஒரு பேச்சும் இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

தடையே இல்லாமலும் இது நடக்கும். யூபிசாஃப்டின் கார் பந்தய கேம் 'தி க்ரூ' 2014-ல் வந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய கேம். ஆனால் தனியாக ஓட்டினாலும் சர்வர் தொடர்பு வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். கேம் மொத்தமாகச் செத்தது. அதே வருஷம் சோனியின் 'கான்கார்ட்' ஆகஸ்ட் 23-ல் வெளியாகி, ஆட ஆளில்லாமல் செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. பல வருஷ உழைப்பு, இரண்டு வார ஆயுசு. அங்கே காசையாவது திருப்பிக் கொடுத்தார்கள்.

'தி க்ரூ' விவகாரத்தில் கிளம்பியதுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். என்றைக்கும் சர்வர் நடத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர்கள் தாங்களே ஓட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுட்டுப் போங்க என்றுதான் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம் கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம்: டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்ற பட்டன் போட்டு விற்றால், இது வெறும் உரிமம்தான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லணும். ஆமாம், நாம் "வாங்கிய" பல கேம்கள் வாடகை வீடு மாதிரிதான். அட்வான்ஸ் மட்டும் திரும்பி வராது!

அப்போ நாம என்ன பண்ணலாம்?

விளையாடுபவராக, காசு கட்டும் பட்டனை அழுத்தும் முன் மூன்றே கேள்வி கேளுங்க.

1. நான் வாங்குவது பொருளா, வாய்ப்பா? வாய்ப்பு என்றால் எத்தனை சதவீதம் என்று கேமுக்குள் எழுதியிருக்கிறதா?
2. இது ரூபாயில் எவ்வளவு? டைமண்டில் வேண்டாம், ரூபாயில்.
3. நாளைக்கு சர்வர் நின்றால் என் கையில் என்ன மிஞ்சும்?

மூன்றுக்கும் பதில் தெரிந்து கட்டினால் அது உங்க இஷ்டம், உங்க சந்தோஷம். யாரும் கேள்வி கேட்க முடியாது.

கேம் செய்ய ஆசைப்படுபவராக இருந்தால், இன்னும் ஒரு படி முன்னாலேயே தொடங்கணும். நம்மில் பலர் எந்த எஞ்சின், எந்த கிராபிக்ஸ் என்று ஆரம்பிக்கிறோம். காசு எப்படி வரும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறோம். மேலே பார்த்த எல்லாமே சொல்வது ஒன்றுதான்: அந்தக் கடைசி முடிவுதான் கேமின் நீளம், கஷ்டம், முடிவு, ஆயுசு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒருமுறை விற்கிற கேமை நடுவில் இலவச கேமாக மாற்றுவது, கட்டின வீட்டுக்கு அடியில் அஸ்திவாரம் மாற்றுவது மாதிரி.

தொடங்க வழி எளிது. கோடோ முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். லுடம் டேர், குளோபல் கேம் ஜாம் மாதிரி போட்டிகளில் இரண்டு மூன்று நாளில் ஒரு முழு கேமை முடித்தாகணும். பெரிய திறந்தவெளி உலகம் எல்லாம் வேண்டாம். ஒரு திரை, ஒரு பட்டன், ஒரு தோல்வி, "இன்னொரு தடவை" என்று தோன்ற வைக்கும் ஒரு காரணம். அதை முடித்து இட்ச் தளத்தில் போடுங்க. அங்கே கடைக்காரருக்கு எத்தனை சதவீதம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

அடுத்த செமஸ்டர் விடுமுறையில் நம்ம டிபார்ட்மென்டில் நாலு பேர் சேர்ந்து அப்படி ஒன்றை முடித்தால், அதன் லிங்கை இந்த இதழுக்கு அனுப்புங்க. விளையாடிப் பார்த்து எழுதுறோம். கூடவே ஒரு வரி சேர்த்து அனுப்புங்க: இந்த கேமுக்குக் காசு எப்படி வரும், அல்லது வரவே வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தீங்க?